கடல் கடந்து நர்சு படிப்பு: சங்கரன்கோவில் தாய்மாருக்கு ஒரு வார்த்தை

ஆடித்தபசு வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது.

கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். அந்தத் தவத்துக்கு இரங்கி, சிவனும் திருமாலும் ஒரே உருவாகச் சங்கரநாராயணர் என்று காட்சி கொடுத்தார்கள் என்பது தலபுராணம். அந்தக் காட்சியைக் காணத்தான் இத்தனை கூட்டம்.

வந்தவர்கள் கோவிலில் புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். கொஞ்சம் மடித்து வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். நோய் நொடி தீரவேண்டும் என்பது வேண்டுதல்.

நோய் தீரவேண்டும் என்று வேண்டாத மனிதர் உண்டா?

அப்படி வேண்டிக்கொண்டு படுத்திருப்பவர்களின் கட்டில் அருகே, இரவு முழுவதும் கால் கடுக்க நிற்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் நர்சு.

"என் மகளும் நர்சு ஆகவேண்டும்" என்று ஆசைப்படும் தாய்மார் இந்த ஊரில் பலர். "கடல் கடந்து போய்ப் படிக்கட்டுமே" என்று எண்ணுகிறவர்களும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால், அதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வீடு, ஒரு காகிதம்

ஒரு வீட்டை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. பல குடும்பங்களில் நடக்கக் கூடியது.

தகப்பனார் விசைத்தறி ஓட்டுகிறார். தாயார் பூ கட்டுகிறார். மகள் பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டாள். நல்ல மார்க்கு.

ஒரு நாள் மகள் ஒரு வண்ணக் காகிதத்தோடு வருகிறாள். அதில் தென்னை மரம், நீலக் கடல், வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள். "அழகிய தீவில் நர்சிங் படிப்பு! ஒரே ஆண்டில் டிப்ளமா! படித்ததும் வேலை!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

தாய் கேட்கிறாள்: "ஏளா, அது கடலுக்கு அந்தப் பக்கம்லா இருக்கு? ஒத்தையில எப்படி இருப்ப?"

"போயிட்டு வந்தவங்க எத்தனையோ பேரு இருக்காங்கம்மா. நான் இருந்துக்கிடுவேன்."

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கண் பெட்டிக்குள் இருக்கும் வீட்டுப் பத்திரத்தின் மேல் போகிறது. அதை வைத்துத்தான் பணம் புரட்டவேண்டும்.

அந்தப் பத்திரம் வெளியே போகலாமா, கூடாதா? அதைத் தீர்மானிக்கும் முன்பு சில உண்மைகளைத் தெரிந்துகொள்வோம்.

ஊசி போடுவது மட்டுமா வேலை?

நர்சு என்றால் ஊசி போடுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிகூட அல்ல.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். நோயாளிக்கு 500 மில்லி மருந்து நீரை 4 மணி நேரத்தில் ஏற்றவேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போகிறார். குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும். அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழவேண்டும்?

500 மில்லிக்கு மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. இந்தக் கணக்கை நர்சு நின்ற இடத்தில் போடவேண்டும். வேகம் கூடினால், இதயம் பலவீனமான நோயாளிக்கு மூச்சுத் திணறும். குறைந்தால் மருந்து போய்ச் சேராது.

எழுந்திருக்க முடியாத நோயாளியைச் சுமார் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்து எழுதவேண்டும். நள்ளிரவில் நோயாளியின் முகம் மாறினால், டாக்டருக்கு முன்பாக அதைக் கண்டுபிடிப்பவர் நர்சுதான்.

ஆபத்தும் இந்த வேலையில் உண்டு. 2018ஆம் ஆண்டு கேரளத்தில் நிப்பா காய்ச்சல் பரவியது. கோழிக்கோடு மாவட்டத்தில் அந்த நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்ற நர்சு, அதே நோய் தொற்றி உயிர் துறந்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன அந்தத் தாயை நாடே நினைத்து அழுதது.

உயிரோடு விளையாடும் வேலை இது. அதனால்தான் எந்த நாடும், "நான் நர்சு" என்று சொல்லி வருகிறவர்களை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. "உன் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?" என்று கேட்கிறது. இந்தப் "பதிவு" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தமிழில் வைத்தியம் கற்பித்த தீவு

கடல் நடுவே இருக்கும் தீவில் நம் மக்கள் வைத்தியம் படிப்பது புதிது அல்ல. 150 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதுவும் தமிழிலேயே!

இலங்கைத் தீவின் வடக்கே யாழ்ப்பாணம் இருக்கிறது. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கிரீன் என்ற டாக்டர் அங்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 25. மானிப்பாய் என்ற ஊரில் ஆஸ்பத்திரி நடத்தினார். உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்றுக் கொடுத்தார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம். பிறகு கிரீன் ஒன்றை யோசித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகத்தைத் தேடி வெளியூருக்குப் போய்விடுவார்கள். தமிழில் படித்தவர்கள் சொந்த மக்களிடையே தங்கி வைத்தியம் செய்வார்கள். "நமக்கு வேண்டியது கிராமத்து வைத்தியர்" என்பது அவருடைய எண்ணம்.

எனவே அவர் தாமே தமிழ் கற்றார். 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு, பெரிய பெரிய ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். "மனுஷ அங்காதிபாதம்", "இரண வைத்தியம்", "பிரசவ வைத்தியம்", "கெமிஸ்தம்" என்பவை அவற்றுள் சில. 60க்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கிவிட்டுத் தாயகம் திரும்பினார். 1884ல் காலமானார். மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கிரீன் முதலில் என்ன கேட்டார்? "இவர்கள் படித்துவிட்டு எங்கே வேலை செய்யப் போகிறார்கள்?" என்று கேட்டார். பதில் கிடைத்த பிறகுதான், எந்த மொழியில், எப்படிப் படிப்பது என்று முடிவு செய்தார்.

நம் வீட்டுப் பெண்ணுக்கும் அதே கேள்விதான்.

தாதியர் நாடு

இப்போது இன்னொரு தீவுக்குப் போவோம். சிங்கப்பூர்!

நம் பக்கத்தில் சிங்கப்பூருக்குப் போகாத குடும்பம் குறைவு. "ரஜூலா" கப்பலில் போன கதையைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கும் வெப்பத் தீவு அது. அடிக்கடி மழை; ஆண்டு முழுவதும் புழுக்கம். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அங்கே ஆட்சி மொழிகள்.

அங்கே நர்சைத் தமிழர்கள் எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? "தாதி" என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு "மருத்துவமனை", நர்சுகளுக்குத் "தாதியர்". பழைய தமிழ்ச் சொல் கடல் தாண்டி அங்கே உயிரோடு இருக்கிறது.

1885ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ந் தேதி, பிரெஞ்சுக் கன்னிமாடத்துச் சகோதரிகள் அங்கே பொது மருத்துவமனையில் தாதிப் பயிற்சி பெற்று வேலையைத் தொடங்கினார்கள். அந்த மருத்துவமனை இருந்த பகுதிக்குச் "சிப்பாய் லைன்" என்று பெயர். ஒரு காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடம் அது! அந்த நாளின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1ந் தேதியைச் சிங்கப்பூர் "தாதியர் தினம்" என்று கொண்டாடுகிறது.

1956ல் அங்கே தாதியர் பள்ளி ஏற்பட்டது. 1992ல் அந்தப் பயிற்சி நன்யாங் பல்தொழில் கல்லூரிக்குப் போனது. 2006 முதல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப் படிப்பும் நடக்கிறது.

2003ஆம் ஆண்டு "சார்ஸ்" என்ற கொடிய தொற்று நோய் அந்தத் தீவைத் தாக்கியது. 238 பேருக்கு நோய். 33 பேர் மாண்டார்கள். நோய் தொற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் ஆஸ்பத்திரி ஊழியர்களே! வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கட்டிலில் கிடக்கும் நோயாளி மறு பக்கம். தாதியர் வேலையை விட்டு ஓடவில்லை. அந்தச் சில மாதங்களில் தாதியர்மீது அந்த நாட்டு மக்களுக்கு இருந்த மதிப்பு பல மடங்கு உயர்ந்தது.

அங்கே முதியோர் தொகை பெருகிவருகிறது. தாதியருக்குத் தேவை அதிகம். இந்தியா, பிலிப்பைன்ஸ், மலேசியா முதலிய நாடுகளிலிருந்து போன தாதியர் பலர் அங்கே வேலை செய்கிறார்கள்.

"அப்படியானால் மகளை அனுப்பிவிடலாமே?" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

எல்லாப் பள்ளியும் ஒன்றா?

சிங்கப்பூரில் தாதியாக வேலை பார்க்கவேண்டும் என்றால், சிங்கப்பூர் தாதிமை வாரியம் என்ற சபையில் பெயர் பதிவாகவேண்டும். அந்தச் சபை ஒப்புக்கொண்ட கல்லூரிகள் சில உண்டு. அவற்றில் படித்தால்தான் அந்தப் படிப்பை வைத்துப் பதிவு கிடைக்கும்.

மேலே சொன்ன பல்தொழில் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அந்த வகையைச் சேர்ந்தவை. வெளிநாட்டு மாணவர்களும் மனுப் போடலாம், போட்டி கடுமை. பாடம், பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில். அந்த நாட்டு அரசாங்கம் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அதை ஏற்கும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் குறைந்தது 3 ஆண்டு சிங்கப்பூரில் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போடவேண்டும். இடம் கிடைத்தால் நல்ல வழிதான்.

ஆனால், "உடல்நலப் பராமரிப்பு", "சுகாதாரச் சேவை" என்று நர்சிங் போலவே தோன்றும் பெயரில் படிப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றை முடித்தால் பராமரிப்பு உதவியாளர் ஆகலாம். நர்சு ஆக முடியாது. உதவியாளர் வேலை கேவலம் என்று சொல்லவில்லை; அதுவும் நேர்மையான உழைப்பு. ஆனால், நர்சு சம்பளத்தை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைத்தவர் கதி என்ன?

இன்னொரு விஷயம். "படிக்கிற காலத்தில் பகுதி நேர வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூரில் அந்தச் சலுகை, அரசாங்கப் பட்டியலில் உள்ள கல்லூரிகளின் மாணவர்களுக்கு மட்டுமே உண்டு. பட்டியலில் இல்லாத தனியார் பள்ளி மாணவர் வேலை பார்த்தால் சட்ட விரோதம். பிடிபட்டால் படிப்பும் போகும், ஊரும் திரும்பவேண்டும்.

7 ஆயிரம் தீவுகளும் ஒரு சட்டமும்

பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்தது அந்த நாடு. உலகம் முழுவதற்கும் நர்சுகளை அனுப்பும் நாடு என்று பெயர் வாங்கியது. நர்சிங் பட்டப் படிப்பு 4 ஆண்டு. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

நல்லதுதான். ஆனால், படித்தவுடன் அங்கே நர்சு ஆகிவிட முடியாது. அரசாங்கம் நடத்தும் பரீட்சையில் தேறவேண்டும். அந்தப் பரீட்சைக்கு வெளிநாட்டார் உட்கார முடியுமா? 2002ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. எந்த நாடு தன் மண்ணில் பிலிப்பைன்ஸ் நர்சுகளை அதே நிபந்தனையில் வேலை செய்ய விடுகிறதோ, அந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அந்த உரிமை.

படிக்க அனுமதிப்பது வேறு. வேலை செய்ய அனுமதிப்பது வேறு! கல்லூரி வாசல் திறந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வாசல் மூடியிருக்கலாம்.

ஊர் திரும்பினால்?

"வெளிநாட்டில் வேலை கிடைக்காவிட்டால் என்ன? ஊருக்கு வந்து தென்காசியிலோ திருநெல்வேலியிலோ வேலை பார்க்கட்டும்" என்று தகப்பனார் நினைக்கலாம். அங்கேயும் பதிவுதான் முன்னே நிற்கிறது.

நம் மாநிலத்தில் நர்சுகளுக்கான பதிவு 1926ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்திலிருந்து நடந்துவருகிறது. தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சில் என்பது அந்தச் சபை. நாடு முழுவதற்கும் நர்சிங் கல்வியை மேற்பார்வை செய்ய, 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பட்டது. அதற்குப் பதிலாகத் தேசிய நர்சிங் கமிஷன் அமைப்பதற்கு 2023ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது.

சபையின் பெயர் எதுவானாலும் முறை ஒன்றுதான். வெளிநாட்டுப் படிப்பு, நம் நாட்டு நர்சிங் படிப்புக்குச் சமம்தானா என்று மத்தியில் உள்ள சபை பார்க்கும். ஒப்புக்கொண்டால் பதிவு. இல்லாவிட்டால் இல்லை. ஓர் ஆண்டு டிப்ளமாவை மூன்று ஆண்டுப் படிப்புக்குச் சமம் என்று யார்தான் சொல்வார்கள்?

சர்ட்டிபிகேட் விமானம் ஏறி வந்துவிடும். பதிவு அதோடு ஏறி வராது.

பக்கத்து வாசல்

வெளிநாட்டுக் காகிதத்தைப் பார்க்கும் முன்பு, நம் வாசலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்த பெண்ணுக்குப் பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. 4 ஆண்டு. சென்னையிலும் மதுரையிலும் இன்னும் சில ஊர்களிலும் அரசாங்க நர்சிங் கல்லூரிகள் உண்டு. 3 ஆண்டு நர்சிங் டிப்ளமாவும் இருக்கிறது. அரசாங்க இடம் கிடைத்துவிட்டால் செலவு மிகவும் குறைவு. வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும்.

தரத்தில் நாம் குறைந்தவர்களா? 1946ஆம் ஆண்டிலேயே வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் நர்சிங் பட்டம் படிக்கப் பல்கலைக்கழகம் கதவு திறந்த 2006ஆம் ஆண்டில், வேலூர்ப் படிப்புக்கு வயது 60!

இங்கே படித்து, இங்கே பதிவு செய்து, பெரிய ஆஸ்பத்திரியில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பிறகு தீவுக்குப் போகலாம். சிங்கப்பூர் ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்தால், தாதிமை வாரியத்துக்கு மனுப் போகும். வாரியம் பரீட்சை வைக்கும். தேறினால் பதிவு. அப்படிப் போகிற பெண் கட்டணம் கட்டப் போகவில்லை. சம்பளம் வாங்கப் போகிறாள். கடனோடு போவதற்கும் கையில் தொழிலோடு போவதற்கும் எத்தனை வித்தியாசம்!

வெளிநாட்டு வேலைக்கு அனுப்பத் தமிழ்நாடு அரசாங்கத்துக்கே ஒரு நிறுவனம் இருக்கிறது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று பெயர். 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. நர்சுகளையும் அனுப்புகிறது. ஏஜெண்டு வீட்டுப் படியை மிதிக்கும் முன்பு, அங்கே ஒரு விசாரணை செய்வது நல்லது.

ஐந்து கேள்விகள்

எல்லாவற்றையும் யோசித்த பிறகும், "வெளிநாட்டில்தான் படிப்பேன்" என்று மகள் சொன்னால் தடுக்கவேண்டாம். ஆனால், பணம் கட்டும் முன்பு இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பதிலை வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் வாங்குங்கள்.

1. இந்தப் பள்ளியை அந்த நாட்டு நர்சிங் சபை ஒப்புக்கொண்டிருக்கிறதா? சபையின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

2. படிப்பை முடித்தால் என் மகள் நர்சா, உதவியாளரா?

3. இந்தியக் குடிமகளாகிய அவள், அந்த நாட்டுப் பரீட்சைக்கு உட்காரலாமா? பதிவு கிடைக்குமா?

4. ஊர் திரும்பினால் நம் நாட்டில் இந்தப் படிப்பு செல்லுமா?

5. கட்டணம், சாப்பாடு, தங்கும் இடம், விமானம் எல்லாம் சேர்த்துக் கடைசி ரூபாய் வரை எவ்வளவு? எத்தனை ஆண்டு வேலை செய்வதாகக் கையெழுத்து? நடுவில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும்?

கொடுக்கிற பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். மார்க்கு சர்ட்டிபிகேட்டின் அசலையும் பாஸ்போர்ட்டையும் ஏஜெண்டிடம் விட்டுவிட்டு வராதீர்கள். படிக்கத் தெரியாத கையெழுத்துக் காகிதம் என்றால், பள்ளிக்கூட ஆசிரியரிடம் கொடுத்து வரிக்கு வரி படித்துக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் பத்திரம்

நாம் மனதில் எண்ணிய வீட்டுக்குத் திரும்பிப் போவோம்.

மகள் அந்த ஐந்து கேள்விகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஏஜெண்டிடம் போகிறாள். முதல் கேள்விக்கு ஏஜெண்டு சிரிக்கிறார். இரண்டாம் கேள்விக்குத் தென்னை மரப் படத்தைக் காட்டுகிறார். மூன்றாம் கேள்விக்கு, "அதெல்லாம் அங்கே போனால் தானாக நடக்கும்" என்கிறார். மகள் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

இரவு. தறிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. தாய் மெதுவாகக் கேட்கிறாள்: "வருத்தமாளா?"

"இல்லம்மா. நர்சு ஆவுறதத்தான நெனச்சேன்? மதுரையில படிச்சாலும் நர்சுதான். பொறவு அந்தத் தீவுக்காரங்களே கூப்பிடட்டும், போறேன்."

தகப்பனார் எழுந்து போய்ப் பெட்டியைப் பூட்டுகிறார். சாவியை மனைவியிடம் கொடுக்கிறார்.

ஒரு நாள் அந்தப் பெண் கடல் கடந்து போகக்கூடும். பெரிய ஆஸ்பத்திரியில், நள்ளிரவில், அவளுடைய வார்டில் ஒரு கிழவர் படுத்திருப்பார். ஐம்பது ஆண்டுக்கு முன்பு நம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். காய்ச்சலில் அவர் தண்ணீர் கேட்டு முனகும்போது, "இந்தா தாத்தா, குடிங்க" என்று தமிழில் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலைக் கேட்ட கிழவர் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

அந்தக் கட்டில் அருகே நிற்கும் தகுதியைப் பெண்ணுக்குக் கொடுங்கள். அதற்கு முதலில் கேட்கவேண்டியது: "எங்கே வேலை செய்யப் போகிறாய்?" அதற்குப் பதில் கிடைத்த பிறகு கேட்கவேண்டியது: "எங்கே படிக்கப் போகிறாய்?"

கேள்வியின் வரிசை மாறாமல் இருந்தால், வீடும் நிலைக்கும், பெண்ணும் வாழ்வாள்.